கச்சான் வந்த வழியே ஒரு மலைநடை

வெள்ளி மாலை திருகோணமலையில் பஸ் ஏறினால் சனி காலை தேயிலை மலையில் நடக்கலாம். ஸ்காட்லாந்துக்காரர் பரம்பரை பரம்பரையாகச் செய்துவரும் இந்த வாரஇறுதிப் பழக்கத்தை நாம் ஏன் தொடங்கக் கூடாது? தொடங்கினால் எப்படித் தொடங்க வேண்டும்?

மே பிறந்துவிட்டால் திருகோணமலை லிங்கநகரில் கச்சான் வீசத் தொடங்கிவிடும். கொடியில் போட்ட துணி போட்ட கையோடு காயும். பிள்ளைகளின் உதடு வெடிக்கும். முற்றத்து மணல் படலையைத் தாண்டி விறாந்தைக்கு வந்துவிடும். துறைமுகப் பக்கத்திலிருந்து வரும் காற்றிலும் ஈரம் இருக்காது.

இந்தக் காற்று காய்ந்த காற்றாகப் புறப்படவில்லை. தென்மேற்குக் கடலிலிருந்து நீரைச் சுமந்துவந்து, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் மலைகளில் முட்டி, சுமந்ததையெல்லாம் அங்கே கொட்டிவிட்டு, மலையின் மறுபக்கம் வெறுங்கையோடு இறங்கும்போதுதான் அது கச்சான் ஆகிறது. கொட்டிய நீரிலும் ஒரு பங்கு நம்மிடம்தான் வந்து சேர்கிறது. மத்திய மலைநாட்டில் ஊறிப் பெருகும் மகாவலி 335 கிலோமீட்டர் ஓடி, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. நமது வெயிலுக்கும் வயலுக்கும் குடாக்கடல் மீனுக்கும் அந்த மலையோடு கணக்கு இருக்கிறது.

ஆனால் அந்த மலையில் நடந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்? போய்வந்தவர்கள் நிறைய உண்டு. ஏப்ரலில் வான் பிடித்து நுவரெலியா, விக்டோரியா பூங்கா, கிரகரி வாவி, சீத்தாஎலியக் கோயில், ஒரு குழுப்படம், இரவோடு இரவாகத் திரும்பல். இல்லாவிட்டால் சிவனொளிபாதமலை: நேர்த்திக்காக ஓர் இரவு படியேற்றம், சூரியோதயம், முழங்கால் வலியோடு இறக்கம். இரண்டையும் குறை சொல்வதற்கில்லை. சுற்றுலாவும் யாத்திரையும் நமக்குத் தெரிந்த அளவுக்கு, நான்கு பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை மலையில் நடந்துவிட்டு வருவது என்ற எளிய பழக்கம் தெரியவில்லை.

வெள்ளி இரவு, ஞாயிறு மாலை

அந்தப் பழக்கத்தை ஓர் ஒழுங்காகவே வளர்த்த நாடு ஸ்காட்லாந்து. அபர்தீன் நகரில் கெயர்ன்கோர்ம் கழகம் 1887இலும், ஸ்காட்டிஷ் மலையேறுவோர் கழகம் 1889இலும் தொடங்கின. அன்று பெரும்பாலும் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்காக இருந்த மலைநடை, 20ஆம் நூற்றாண்டில் கப்பல் கட்டும் தொழிலாளி, ஆசிரியை, எழுதுவினைஞர் என்று எல்லாரிடமும் இறங்கியது. இன்று ஊருக்கு ஒரு நடைக்கழகமாவது இருக்கும். வெள்ளி மாலை வேலை முடிந்ததும் மினிபஸ்ஸிலோ கார்களிலோ புறப்படுவார்கள். கிளென்கோ, அவிமோர், டொரிடன் போன்ற இடங்களில் கழகத்தின் குடிலோ மலிவான விடுதியோ முன்கூட்டியே பதிவாகியிருக்கும். சமையல் முறை வைத்து நடக்கும். சனிக்கிழமை ஒரு மலை, வானிலை விட்டால் ஞாயிறு ஒன்று. ஞாயிறு மாலை வீடு, திங்கள் வேலை.

அவர்களுக்கு ஓர் எண்ணிக்கைப் பித்தும் உண்டு. 1891இல் ஹியூ மன்றோ என்பவர் 3,000 அடிக்கு, அதாவது 914 மீட்டருக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்து மலைகளைப் பட்டியலிட்டு வெளியிட்டார். இப்போதைய பட்டியலில் 282 மலைகள். அவற்றுக்கு மன்றோக்கள் என்றே பெயர். ஒவ்வொன்றாக ஏறிப் பெயருக்கு எதிரே கோடு போட்டுக்கொள்வது அங்கே பலருக்கு வாழ்நாள் வேலை. முழுவதையும் முடித்த முதல் ஆளாக ஏ. இ. ரொபர்ட்சன் என்ற பாதிரியார் 1901இல் பதிவானார்.

அந்த நாட்டின் மிக உயர்ந்த மலையான பென் நெவிஸ் 1,345 மீட்டர். நமது நுவரெலியா நகரமே 1,868 மீட்டரில் இருக்கிறது. மரக்கறி வாங்க நுவரெலியாச் சந்தைக்குப் போகிற ஒருவர் ஸ்காட்லாந்தின் உச்சியைவிட 500 மீட்டர் மேலே நின்று லீக்ஸ் விலை பேசுகிறார். ஆனாலும் அவர்கள் மலையைச் சின்னதென்று எண்ணிவிடக் கூடாது. அது வடதுருவத்துக்கு அவ்வளவு கிட்டே இருப்பதால் மேலே மரமே முளைக்காது. கோடையிலும் காற்று ஆளைத் தள்ளும். 1971 நவம்பரில் கெயர்ன்கோர்ம் மேட்டுநிலத்தில் பனிப்புயலில் சிக்கி, எடின்பரோவிலிருந்து போன பாடசாலைப் பிள்ளைகள் ஐந்து பேரும் உடன் போன உதவி வழிகாட்டி ஒருவரும் இறந்தார்கள். பிள்ளைகளை மலைக்கு அழைத்துச் செல்பவருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்ற கேள்வியை அந்த நாடு அதன்பிறகுதான் கண்டிப்பாகக் கேட்டது.

அங்கே காலியான மலை, இங்கே நிறைந்த மலை

ஸ்காட்லாந்து மலைக்குப் போகிறவர் முதலில் வியப்பது அதன் தனிமையை. மைல் கணக்கில் வீடு இல்லை, புகை இல்லை, ஆள் இல்லை. அதை இயற்கையின் கன்னித்தன்மை என்று வருணிப்பவர்கள் வரலாற்றில் ஒரு பக்கத்தைத் தவறவிடுகிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டியும், செம்மறி வளர்ப்பு இலாபம் என்று கண்ட நிலச்சுவான்தார்கள் அந்தப் பள்ளத்தாக்குகளிலிருந்து குடியானவர்களைக் கிளப்பினார்கள். சதர்லாந்துப் பகுதியில் வீடுகள் எரிக்கப்பட்டன. கிளப்பப்பட்டவர்கள் கடலோரத்துக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். இன்று நடைக்கழகங்கள் ரசிக்கும் அமைதியில் அந்த வெளியேற்றத்துக்கும் பங்கு உண்டு.

அதே காலத்தில் இங்கே நேர்மாறாக நடந்தது. 1823இல் கம்பளைக்கு அருகே சிங்காப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கியதிலிருந்து மலையகத் தமிழர் தங்கள் வரவை எண்ணுகிறார்கள். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். காட்டை வெட்டியவர்கள், குழி தோண்டியவர்கள், கன்று நட்டவர்கள், கொழுந்தை ஸ்டோருக்குச் சுமக்கப் பாதை வெட்டியவர்கள் அவர்களே.

மேலே இருந்து கட்டளை இட்ட துரைமாரில் பெரும்பங்கு ஸ்காட்லாந்துக்காரர். கின்கார்டின்ஷயரின் ஓக்கன்பிளே ஊரில் 1835இல் பிறந்த ஜேம்ஸ் டெய்லர், 1852இல் இலங்கை வந்து, 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் வணிகமுறைத் தேயிலையைத் தொடங்கினார். 1869இல் கோப்பி இலையில் துருநோய் தென்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் கோப்பி படுத்தது, தேயிலை எழுந்தது. கிளாஸ்கோக்காரரான தோமஸ் லிப்டன் 1890இல் வந்து தம்பேத்தனை உட்படத் தோட்டங்களை வாங்கினார். ஊர் ஞாபகத்தில் அவர்கள் வைத்த பெயர்கள் இன்றும் பெயர்ப்பலகையில் நிற்கின்றன: எடின்பரோ, ஹோலிரூட், பால்மோரல், கிளென்லயன், வேவர்லி, டன்கெல்ட். திருகோணமலைக்கோ ஸ்காட்லாந்து அதற்கு முன்பே துப்பாக்கியோடு வந்துவிட்டது. 1795 ஆகஸ்டில் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்த பிரித்தானியப் படையில் ஸ்காட்லாந்து மலைநாட்டு வீரர்களின் 72ஆம் படைப்பிரிவு இருந்தது. கோணேசர் கோயிலுக்குப் போகும்போது நாம் கடந்து செல்லும் பிரெட்ரிக் கோட்டைதான் அது.

இந்த வரலாற்றை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்காட்லாந்தில் நடப்பவர் பெரும்பாலும் யாருமற்ற நிலத்தில் நடக்கிறார். இலங்கை மலைநாட்டில் நடப்பவர் யாரோ ஒருவரின் வேலைத்தளத்திலும் கொல்லைப்புறத்திலும் நடக்கிறார். நடைப் பழக்கத்தை அவர்களிடம் கற்கலாம். நடை ஒழுக்கத்தை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

கொழுந்துப் பாதை நடைபாதையானது

தோட்டப் பாதைகளை ஒன்றோடொன்று கோத்து ஒரு நெடுந்தூர நடைவழியாக்கும் எண்ணத்தை முன்வைத்தவர், இலங்கையில் நீண்டகாலம் வாழும் ஸ்பானியர் மிகேல் குனாட். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியும் அமெரிக்க உதவியும் சேர்ந்து அது பெக்கோ டிரெயில் ஆனது. 300 கிலோமீட்டருக்கு மேல் நீளம், 22 கட்டங்கள். கண்டி ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகத்தில் தொடங்கி, கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம என்று வளைந்து, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கமாக ஹப்புத்தளை, எல்ல வரை போய், திரும்பி நுவரெலியாவில் பீட்று தோட்டத்தில் முடிகிறது. ஒவ்வொரு கட்டமும் ஒரு பகலில் நடக்கக்கூடியதாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 22 கட்டங்களையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. மன்றோக்களை எண்ணுவதுபோல் ஆண்டுக்கு இரண்டு மூன்று என்று கோடு போட்டுக்கொண்டு போகலாம்.

வெளிநாட்டுச் சஞ்சிகைகளுக்கு இது புதிய பாதை. அங்கே இருப்பவர்களுக்கு இது காலை பிரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகிற பாதை, பிள்ளை பள்ளிக்கூடம் போகிற குறுக்குப்பாதை, பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்கு இறக்குகிற பாதை. இடுப்பில் படங்கு கட்டி, முதுகில் கொழுந்துப் பையோடு சரிவில் இறங்கும் ஒரு பெண்ணை எதிரே கண்டால், வழிவிட வேண்டியவர் விலை உயர்ந்த சப்பாத்துப் போட்டவர்தான். அவள் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நமக்கு அப்படி ஒரு நேரம் இல்லை.

லிங்கநகரிலிருந்து இரண்டு நாள்

முதல் வாரஇறுதிக்கு முதல் இரண்டு கட்டங்களே தோது. திருகோணமலையிலிருந்து கண்டி ஏறத்தாழ 180 கிலோமீட்டர். வெள்ளி மாலை புறப்பட்டு ஹபரணை, தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை வழியாக இரவுக்குள் கண்டி. இந்தப் பயணமே ஒரு பாடம். தம்புள்ளை தொடங்கி மாத்தளை வரை நாம் பஸ்ஸில் கடக்கும் இதே தடத்தில்தான் கோப்பிக் காலத்துத் தொழிலாளர் நடந்தார்கள். அந்த நடையை நினைவுகூர்ந்து, 2023இல் மலையகம் 200 நிகழ்வாக, ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடிந்த நடைபயணத்தில், மலையக மக்களோடு சிங்களவரும் முஸ்லிம்களும் வடக்குத் தமிழரும் நடந்தார்கள். வழியில் மாத்தளை முத்துமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போவது பொருத்தம்.

சனி காலை ஹந்தானையில் தொடங்கினால் மாலைக்குள் கலஹா. அங்கிருந்து கண்டிக்குப் பஸ் உண்டு. ஞாயிறு கலஹாவிலிருந்து லூல்கந்துர. டெய்லரின் மரக்குடிசையில் எஞ்சியிருக்கும் புகைபோக்கியையும், அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த கல்லிருக்கையையும் அங்கே பார்க்கலாம். பார்த்துவிட்டு, அருகே லயத்தில் குடியிருப்பவர்களின் வீட்டு வரிசையையும் பார்க்க வேண்டும். டெய்லரின் குடிசை நினைவிடமாகிவிட்டது. பிரித்தானியர் கட்டிய லயங்களில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன.

இதைவிடக் கிட்டத்தில் வேண்டுமென்றால் நக்கிள்ஸ் தொடர். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ஏறினால் ரிவர்ஸ்டன், அதற்கப்பால் பிட்டவலப் பத்தனை. காற்று ஓயாது, அட்டை ஓயாது. உயரம் வேண்டுமென்றால் ஹோர்ட்டன் சமவெளி: 2,100 மீட்டருக்கு மேல், உலக முடிவும் பேக்கர் அருவியும் சேர்ந்து சுமார் 9 கிலோமீட்டர் சுற்று. வாசலில் பொலித்தீனை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள், நல்ல வழக்கம். நக்கிள்ஸ், ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாத வனம் மூன்றும் சேர்ந்து 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

எப்போது போவது என்பதைக் காற்றே சொல்லும். மழையைப் பொறுத்தவரை மலைநாடு ஒன்றல்ல, இரண்டு. மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன் பக்கம் நனையும்; அதே மாதங்களில் ஊவாப் பக்கம், அதாவது ஹப்புத்தளை, பண்டாரவளை, பதுளை, நம்மைப்போலவே கச்சானில் காயும். ஊவாத் தேயிலைக்குப் பேர்போன மணம் அந்தக் காய்ச்சலில்தான் ஏறுகிறது. ஆகவே ஜூன், ஜூலை, ஓகஸ்டில் ஊவா. ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவு. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை போகாதிருப்பதே புத்தி. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மறந்துவிடக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படிகளில் வெளியிடுகிறது. முதல் படி வந்துவிட்டாலே நடையைத் தள்ளிவைக்க வேண்டும்.

கடைசி ஆளின் வேகம்

கழகம் என்றால் கட்டடமும் யாப்பும் வேண்டும் என்று நினைக்கத் தேவையில்லை. நமது யாத்திரைகளிலேயே அதன் வேர் இருக்கிறது. சிவனொளிபாதம் ஏறும் சிங்கள யாத்திரிகர் கூட்டத்துக்கு ‘நடே குரா’ என்று ஒரு தலைவர் உண்டு. பலமுறை ஏறிய அனுபவசாலி. எங்கே நிற்பது, எங்கே குளிப்பது, யார் மூட்டையை யார் சுமப்பது என்பதை அவரே தீர்ப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு வழியாகக் கதிர்காமம் போகும் பாதயாத்திரையிலும் வேலை ஏந்திய மூத்த சாமி சொல்வதுதான் சட்டம். ஸ்காட்லாந்துக் கழகத்திலும் இதுவே: முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒருவர். பின்னவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. கடைசி ஆளின் வேகமே கூட்டத்தின் வேகம்.

நேரத்தைக் கணிக்க அவர்களிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் சொன்னது. 3 மைலுக்கு ஒரு மணி. அதோடு 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னும் ஒரு மணி. 15 கிலோமீட்டர் தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு மூன்றும் ஒன்றும் நான்கு மணி. இது பழகிய காலுக்கான கணக்கு. கடல்மட்டத்தில் வாழும் நாம் சாப்பாடு, ஓய்வு, படம் எடுத்தல் எல்லாம் சேர்த்து ஆறு மணி என்று வைத்துக்கொள்ளலாம். காலை ஏழுக்குத் தொடங்கினால், பின்னேர மழைக்கு முன் இறங்கிவிடலாம்.

பழகுவதற்கு வேறெங்கும் போக வேண்டாம். உவர்மலை ஏற்றமும் கோணேசர் மலை ஏற்றமும் இருக்கின்றன. ஒரு மாதம் காலையில் ஏறி இறங்கினால் போதும்.

நடை ஒழுங்கு: சில கட்டாயங்கள்

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் விடியற்புறம் புல்லில் உறைபனி பிடிக்கும். கம்பளிச் சட்டையும் மழைச்சட்டையும் எந்த மாதத்திலும் பையில் இருக்கட்டும். தேங்காய்ப்பூ ரொட்டியும் கட்டைச்சம்பலும் நாள் முழுதும் தாங்கும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர்.

அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் போதும். உண்மையான ஆபத்து குளவி. கொழுந்து பறிப்பவர்கள் குளவிக்கொட்டுக்கு ஆளாகி ஆஸ்பத்திரிக்குப் போகாத மாதமே இல்லை. மரத்தில் கூடு கண்டால் சத்தம் போடாமல் விலகுங்கள். கல்லெறிவது, புகை போடுவது, வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போவது மூன்றும் கூடாது. மருந்தடித்த மலையிலும் கவ்வாத்து வெட்டிய மலையிலும் இறங்காதீர்கள்.

படம் எடுக்குமுன் கேளுங்கள். வேண்டாம் என்றால் அத்தோடு விடுங்கள். லயத்து வாசலில் நின்று உள்ளே எட்டிப்பார்ப்பது பார்வையிடல் ஆகாது. தோட்டத்துக் கடையிலேயே தேத்தண்ணீர் குடியுங்கள், வடை வாங்குங்கள். கொண்டுபோன பொலித்தீன் அனைத்தும் உங்களோடு திருகோணமலைக்குத் திரும்பட்டும். அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டம், யாருடைய நிலமானாலும் பொறுப்போடு நடந்துபோகும் உரிமையை எல்லாருக்கும் கொடுத்தது. ஆனால் அதே சட்டம் வீட்டு வளவையும் பயிர் நிற்கும் நிலத்தையும் அந்த உரிமையிலிருந்து விலக்கி வைத்தது. நமது மலைநாட்டுப் பாதைகளின் இரண்டு ஓரமும் பயிரும் வீடும்தான். அங்கே நடக்கும் ஒவ்வொரு முறையும் நாம் விருந்தாளிகள்.

1977இலும் 1983இலும் வன்முறையில் துரத்தப்பட்டு மலையிலிருந்து வடக்குக்கும் கிழக்குக்கும் இறங்கிவந்த குடும்பங்கள் உண்டு. அப்படி வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் உங்கள் அயலில் இருந்தால் முதல் நடைக்கு அவர்களைக் கூப்பிடுங்கள். எந்த வழிகாட்டிப் புத்தகத்தைவிடவும் அந்த மலை அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். எட்டுப் பத்துப் பேர், பேரும் இரத்தவகையும் எழுத ஒரு கொப்பி, பொறுப்பேற்க ஒருவர்: கழகம் தொடங்க இவ்வளவே வேண்டும். லிங்கநகரில் ஒன்று, உவர்மலையில் ஒன்று, மூதூரில் ஒன்று என்று தொடங்கட்டும். வருகிற ஜனவரியில், மழை ஓய்ந்த முதல் வெள்ளிக்கிழமை, புறப்படுங்கள்.